நல்லெண்ணத்தோடு வருபவர்களுக்கான விதிகள்

கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகம்தான் ஊருக்கே அடையாளம். அதில் படித்துக்கொண்டிருந்த பிலிப் நியூஸ்ட்ராம், மைக் இவானாவ் என்ற இருவர் 2004-இல் ஒரு விக்கியைத் தொடங்கினார்கள். வளாகத்தைப் பற்றியும் ஊரைப் பற்றியும் யாருக்கு எது தெரியுமோ அதை எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். உணவகங்கள், வாடகை வீடுகள், பேராசிரியர்கள், தேரைகள் சாலையைக் கடப்பதற்காக நகராட்சி கட்டிய சுரங்கப்பாதை என்று பக்கங்கள் பெருகின. சில ஆண்டுகளில் அந்த ஊர்க்காரர்கள் எதையும் முதலில் தேடிப் பார்க்கும் இடமாக டேவிஸ் விக்கி ஆகிவிட்டது. இதே முறையை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோக 2010-இல் நைட் அறக்கட்டளை மூன்றரை லட்சம் டாலர் நல்கையும் தந்தது.

கல்லூரிக்கு விக்கி தொடங்கலாம் என்று எங்கே பேச்செடுத்தாலும் வரும் முதல் கேள்வி, ‘யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் எவனாவது வந்து நாசம் செய்துவிட மாட்டானா?’ என்பதுதான். விதிகளை எழுத உட்காருபவர்களும் இந்தப் பயத்தோடுதான் உட்காருகிறார்கள். அதனால் எழுதப்படும் விதிகளில் பாதி, கெட்ட வார்த்தை எழுதாதே, பக்கத்தை அழிக்காதே, விளையாட்டுத்தனம் கூடாது என்ற ரகமாக இருக்கும். இவை அனேகமாகத் தேவையே இல்லாத விதிகள்.

விக்கியின் கட்டுமானமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. வார்ட் கன்னிங்ஹாம் 1995-இல் முதல் விக்கியை நிறுவியபோதே, தடுப்பதைவிடச் சரிசெய்வது சுலபமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்றைய விக்கி மென்பொருள்களில் ஒவ்வொரு சேமிப்பும் வரலாற்றில் ஒரு தனிப் பதிப்பாக நிற்கிறது. அண்மைய மாற்றங்கள் பக்கத்தைப் பார்த்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்று வரிசையாகத் தெரியும். ஒருவன் பத்து நிமிடம் செலவழித்துக் கெடுத்ததை, ‘மீளமை’ என்ற ஒரு சொடுக்கில் பழையபடி ஆக்கிவிடலாம். விஷமி சீக்கிரமே சலித்துப் போவான்.

சலிக்காதவர்கள் வேறு ரகம். தன் துறையைப் பெருமையாகக் காட்ட நினைக்கும் ஹெச்.ஓ.டி., பாடப்புத்தகத்தை அப்படியே தட்டச்சு செய்து தரும் உழைப்பாளி மாணவி, அநியாயமாக அரியர் விழுந்ததாக நம்பும் மாணவன், கல்லூரியின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று கவலைப்படும் பழைய மாணவர். இவர்கள் யாரும் கெடுக்க வரவில்லை. தாம் செய்வது நியாயம் என்று முழுமையாக நம்பி வருகிறார்கள். மீளமைத்தால் மறுபடி வருவார்கள். கல்லூரி விக்கியின் விதிகள் இவர்களை நினைத்து எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து.

விஷமிகளை மனதில் வைத்தே காவல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவே சாட்சி. அங்கே ஊக்கமாகப் பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியது. ஏன் என்று ஆரன் ஹாஃபக்கர் தலைமையில் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். நல்ல நோக்கத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகளும், அதாவது திருத்தங்களும், விஷமத்தைத் துரத்த உருவாக்கிய தானியங்கிக் கருவிகளாலும் இறுகிப்போன விதிகளாலும் தூக்கியெறியப்பட்டன என்பது அவர்கள் கண்டது. முதல் தொகுப்பே நிராகரிக்கப்பட்டவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. இதே விக்கிப்பீடியாவின் தொடக்க நாட்களில், 2001-இல், அதன் இணை நிறுவனர் லாரி சாங்கர் முன்வைத்த விதிகளில் ஒன்று எல்லா விதிகளையும் புறக்கணிக்கலாம் என்பது! விதி உன்னை எழுதவிடாமல் தடுத்தால் அதை விட்டுத்தள்ளு என்று பொருள். அந்த விதி இன்னும் ஏட்டில் இருக்கிறது. அதைச் சுற்றி மற்ற விதிகள் காடாக வளர்ந்துவிட்டன.

நல்லெண்ணம் எவ்வளவு பெரிய சேதத்தை உண்டாக்கும் என்பதை நம் நாட்டிலேயே ஒருமுறை பார்த்தாயிற்று. 2011-இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை புனேயில் இந்தியக் கல்வித் திட்டம் என்ற முன்னோட்டத்தை நடத்தியது. புனே பொறியியல் கல்லூரி, சிம்பயாசிஸ் பொருளியல் கல்லூரி போன்றவற்றின் மாணவர்கள் வகுப்புப் பணியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. உதவிக்கு வளாகத் தூதர்கள் என்று சிலரை நியமித்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் விக்கிப்பீடியாவில் பெரிதாகத் தொகுத்தவர்கள் அல்லர். நூற்றுக்கணக்கான மாணவர்கள் எழுதத் தொடங்கினார்கள். பாடப்புத்தகங்களிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டப்பட்டவை குவிந்தன. பதிப்புரிமை மீறல் என்று, விவாதிப்பதற்கென உள்ள உரையாடல் பக்கத்தில் எச்சரிக்கை வைத்த பிறகும், நீக்கியதையே மறுபடி ஒட்டியவர்கள் உண்டு. துப்புரவு செய்ய ஆங்கில விக்கிப்பீடியர்கள் திணறினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே முன்னோட்டம் நிறுத்தப்பட்டது.

இதை மாணவர்களின் நேர்மைக் குறைவு என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் விடைத்தாளில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்று பன்னிரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுத்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் அதே செயலைத் திருட்டு என்றால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ‘பதிப்புரிமையை மீறாதீர்கள்’ என்ற விதி அவர்களிடம் சொல்லப்படாமல் இல்லை. தாங்கள் செய்வதுதான் அந்த மீறல் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சொந்தமாக எழுதினால் தப்பாகிவிடும் என்ற பயமும் கூடவே இருந்திருக்கும்.

ஆகவே விதி செயலாக இருக்க வேண்டும்: புத்தகத்தைப் படி, மூடி வை, பக்கத்து அறை நண்பனுக்குச் சொல்வதுபோல் எழுது, பிறகு திறந்து தகவல் சரியா என்று மட்டும் பார், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாய் என்று மேற்கோள் கொடு. சொற்களை இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றினாலும் நகல் நகல்தான் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்: மூலப் பத்தி ஒரு புறம், தவறான மாற்றி எழுதல் நடுவில், சரியானது மறுபுறம். மதிப்பெண்ணுக்காக விக்கியில் எழுதச் சொல்லும் ஆசிரியர்களுக்கும் தனியாக ஒரு விதி வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்பை ஒரே வாரத்தில் இறக்கிவிடக் கூடாது. அறுபது கட்டுரைகளைப் படித்துப் பார்க்க விக்கியில் ஆறு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

இங்கே சட்டத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துத் தருவதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது என்று 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டு, ‘படிப்புக்காக என்றால் எதையும் ஏற்றலாம்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விலக்கு கற்பித்தலுக்கு உரியது. விக்கி உலகத்துக்கே திறந்திருக்கிறது. அதில் எழுதியதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரிமமும் தருகிறது. பிறர் எழுத்துக்கு அப்படி உரிமம் தர நமக்கு உரிமை இல்லை. பேராசிரியரின் பவர்பாயிண்ட் தாள்களும் இதில் அடங்கும். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்ததை உரையாடல் பக்கத்தில் பதிந்துவிட்டு ஏற்றுவதுதான் முறை.

அடுத்தது கருத்து வேறுபாடு. விடுதி மெஸ் பற்றிய ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கு எழுதுகிறான்: ‘சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.’ காலையில் மெஸ் கமிட்டியில் இருக்கும் சீனியர் அதை எடுத்துவிட்டு எழுதுகிறார்: ‘மாணவர்களுக்குத் தரமான, சத்தான உணவு வழங்கப்படுகிறது.’ தொகுப்புச் சுருக்கத்தில் ‘தவறான தகவல் நீக்கம்’ என்று ஒரு குறிப்பு. மதியம் மூன்றாமவன் மீளமைக்கிறான். அவன் குறிப்பு ஒரே சொல்: ‘பொய்’. மாலைக்குள் பக்கம் ஐந்து முறை அங்கும் இங்கும் ஆடிவிடுகிறது. யாரும் உரையாடல் பக்கத்தைத் திறக்கவில்லை.

இந்த ஆட்டத்தை நிறுத்த விக்கிப்பீடியா 2004-இல் ஒரு வழி கண்டது. ஒரே பக்கத்தில் ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கொஞ்ச நேரம் தடை. யார் சொல்வது சரி என்ற கேள்விக்கே அது போகாது. அதனால்தான் அது வேலை செய்கிறது. கல்லூரி விக்கிக்கு இன்னும் இறுக்கலாம்: ஒரு முறை மீளமைத்த பிறகு உரையாடல் பக்கத்தில் பேசாமல் இரண்டாம் முறை தொடக் கூடாது.

ஆனால் பேசி முடித்த பின் பக்கத்தில் எது நிற்க வேண்டும்? விக்கிப்பீடியாவின் பதில் நடுநிலை நோக்கு. டேவிஸ் விக்கி அந்த வழியில் போகவில்லை. எல்லாரும் ஒப்பும் ஒற்றைக் குரல் தேவையில்லை, பல குரல்கள் அருகருகே இருக்கட்டும் என்றார்கள். உணவகப் பக்கங்களின் அடியில் பெயரோடு கருத்து எழுத இடம் தந்தார்கள். நகைச்சுவைக்கும் தடையில்லை. சிறு விஷயம் என்பதற்காக ஒரு பக்கத்தை நீக்குவதும் இல்லை. மெஸ் சாப்பாட்டுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். சாம்பார் மஞ்சள் தண்ணீரா இல்லையா என்பதற்கு எந்த மேற்கோளும் கிடைக்காது. சொன்னவர் எந்த ஆண்டில் அங்கே சாப்பிட்டார் என்ற குறிப்போடு அது கருத்துப் பகுதியில் இருக்கட்டும். பக்கத்தின் மேற்பகுதியில், அங்கே மாதச் செலவை எல்லாருக்கும் பிரிக்கும் டிவைடிங் சிஸ்டமா நிலையான கட்டணமா, ஊருக்குப் போகும்போது ரிடக்‌ஷன் வாங்க எத்தனை நாள் முன்னதாக எழுதித் தர வேண்டும், மாதக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பவை வேண்டும். புதிதாகச் சேரும் மாணவனுக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான்.

பிளேஸ்மென்டுக்கு இந்தத் தாராளம் கூடாது. ‘நூறு சதவீதம்’ என்ற சொற்றொடர் நம் கல்லூரிச் சுவர்களில் படாத பாடு படுகிறது. எந்த ஆண்டு, எந்தத் துறை, மொத்தம் எத்தனை பேரில் எத்தனை பேர், பதிவு செய்தவர்களில் சதவீதமா படித்தவர்களில் சதவீதமா என்று சொல்லாத எந்த எண்ணும் பக்கத்தில் நிற்கக் கூடாது. சராசரிச் சம்பளம் ஒரே ஒரு பெரிய சம்பளத்தால் வீங்கிவிடும். இடைநிலைச் சம்பளம் அப்படி வீங்காது. இதற்கெல்லாம் கல்லூரியின் விளம்பரத்தை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள், எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதையெல்லாம் தந்தாக வேண்டும். அந்தத் தரவு பொதுவில் கிடைக்கிறது. கல்லூரி தன் கையால் கொடுத்த எண்ணையே மேற்கோளாக வைத்தால் முதல்வராலும் அதை எடுக்கச் சொல்ல முடியாது.

மனிதர்களைப் பற்றிய பக்கங்களில்தான் விக்கியின் சுயதிருத்தம் கைவிடுகிறது. ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் விக்கிப்பீடியா பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்ற பச்சைப் பொய்யை 2005 மே மாதம் ஒருவர் எழுதினார். உடன் பணியாற்றுபவரிடம் விளையாட்டுக் காட்டவே செய்ததாகப் பின்னர் சொன்னார். நான்கு மாதங்களுக்கு மேல் அது அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் காரணம். வாழும் மனிதர்களைப் பற்றிய தனிக் கொள்கை விக்கிப்பீடியாவில் அதன் பிறகே உருவானது: சான்று இல்லாத பாதகமான வரி இருந்தால் விவாதிக்கக் காத்திருக்காமல் முதலில் எடுத்துவிட வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே நான்கு மாதம் என்றால், பரீட்சைக் காலத்தில் எட்டிப் பார்க்க ஆளில்லாத ஒரு கல்லூரி விக்கியை நினைத்துப் பாருங்கள்.

கல்லூரி விக்கியில் அதிகம் படிக்கப்படுவது பாடங்களையும் பேராசிரியர்களையும் பற்றிய பக்கங்களாகத்தான் இருக்கும். கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்களும் பழைய மாணவர்களும் நடத்தும் மெட்டாகேஜிபி போன்ற விக்கிகளின் பயனே அதில்தான் இருக்கிறது. அடுத்த செமஸ்டரில் எந்தப் பாடம் எடுப்பது என்று முடிவு செய்ய, முன்னால் போனவர் சொன்னது வேண்டும். பேராசிரியரின் பெயரே வரக் கூடாது என்று விதி போட்டால் விக்கியை மூடிவிடலாம். கோட்டை எங்கே போடுவது என்றால், கற்பித்தல் பொதுவானது, ஆள் பொதுவானவர் அல்ல. அட்டென்டன்ஸ் கண்டிப்பா, வினாத்தாள் குறிப்பிலிருந்து வருமா புத்தகத்திலிருந்து வருமா, இன்டர்னல் மார்க்கை எப்படிப் பிரிக்கிறார், சந்தேகம் கேட்டால் நேரம் ஒதுக்குவாரா என்பவை எழுதலாம். அவர் நடை, உச்சரிப்பு, சாதி, குடும்பம், மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் எதுவும் எழுதக் கூடாது. பட்டப்பெயர் விஷயத்தில் என்னோடு சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள், அது கல்லூரியின் பண்பாடு என்பார்கள். பண்பாடாகவே இருக்கட்டும். அது வாய்மொழியாகவே தழைக்கும், விக்கியின் உதவி அதற்குத் தேவையில்லை.

‘உண்மையைத்தானே எழுதினேன்’ என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவும் பழைய சட்டம்போல் அவதூறைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை. உண்மை என்பது மட்டும் அதில் தப்பிக்கப் போதாது, வெளியிட்டது பொது நலனுக்காகவும் இருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதை விதிப் பக்கத்தில் நான்கு வரியில் சொல்லிவிடுவது அவனுக்குச் செய்யும் உதவி. மாணவர்களைப் பற்றியோ இன்னும் கடுமையான கோடு வேண்டும். ராகிங், ஒழுங்கு நடவடிக்கை, புகார் எதிலும் மாணவர் பெயர் வரக் கூடாது. பேராசிரியருக்குத் திருப்பிப் பேச ஒரு பதவியாவது இருக்கிறது. முதலாமாண்டு மாணவிக்கு அதுவும் இல்லை.

இனி நிர்வாகம். 2011 நவம்பர் 18 அன்று டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்த மாணவர்களின் முகத்தில் வளாகக் காவலர் மிளகுத் திரவத்தைப் பீய்ச்சினார். காணொளி உலகமெங்கும் ஓடியது. டேவிஸ் விக்கியில் அந்த நிகழ்ச்சிக்கென்று நீண்ட பக்கம் உருவாயிற்று. பாதிக்கப்பட்டவர்களோடு பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2016-இல் சேக்ரமென்டோ பீ நாளிதழ் இன்னொன்றையும் வெளிக்கொண்டுவந்தது. இணையத்தில் தேடும்போது அந்த நிகழ்ச்சி பின்னுக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பல்கலைக்கழகம் ஆலோசனை நிறுவனங்களுக்குக் குறைந்தது 1,75,000 டாலர் கொடுத்திருந்தது. அந்தச் செய்தி வந்த பிறகு, மறைக்க நினைத்த நிகழ்ச்சி புதிதாக மறுபடி ஊரெல்லாம் பேசப்பட்டது.

தன் பெயரைக் காப்பாற்ற நினைப்பது நிர்வாகத்துக்கு இயல்பு. அதைச் சூழ்ச்சி என்று மட்டும் பார்த்தால் விதி சரியாக அமையாது. டேவிஸ் விக்கி கடைக்காரர்களுக்காக ஒரு வரவேற்புப் பக்கம் வைத்திருந்தது. தன் கடையைப் பற்றிய குறையைப் பார்த்துக் கோபத்தோடு வந்து அதை அழிக்கும் கடைக்காரரைத் திட்டித் துரத்தாமல், குறையை அழிக்காமல் உங்கள் பதிலை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள், நேரம், விலை போன்ற தவறுகளைத் திருத்துங்கள் என்று பக்குவமாகச் சொல்வது அதன் நோக்கம். கல்லூரி அலுவலகத்துக்கும், துறைகளுக்கும், மன்றப் பொறுப்பாளர்களுக்கும் அதே போன்ற பக்கம் ஒன்று முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். தம்மைப் பற்றிய பக்கத்தில் அவர்கள் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. உரையாடல் பக்கத்தில் ஆதாரத்தோடு கேட்டால் மற்றவர்கள் திருத்துவார்கள். செயலர் அறையிலிருந்து போன் வந்தாலும் பதில் இதேதான். பதில் சொல்லும் பையனுக்குக் கைகால் உதறும்போது காட்டுவதற்கு எழுதிவைத்த விதி ஒன்று அவன் கையில் இருக்கும்.

கைகால் உதறல் என்றதும் பெயர் பற்றிய கேள்வி வருகிறது. டேவிஸ் விக்கி சொந்தப் பெயரில் எழுதுவதை ஊக்குவித்தது. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்து பழக அது உதவியது. இன்டர்னல் மார்க்கும் ஹால் டிக்கெட்டும் டி.சி.யும் ஒரே அலுவலகத்தின் கையில் இருக்கும் நம் கல்லூரிகளில் அதை விதியாக்கினால், எழுதுபவர்கள் நிர்வாகத்துக்கு வேண்டியவர்கள் மட்டுமே என்றாகிவிடும். புனைபெயரை அனுமதிக்கத்தான் வேண்டும். பின்னணியில் மின்னஞ்சல், ஐ.பி. போன்றவற்றை எவ்வளவு குறைவாகச் சேமிக்க முடியுமோ அவ்வளவு குறைவாகச் சேமிக்க வேண்டும். ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தொடுத்த வழக்கில், தொகுத்த பயனர்களின் விவரங்களைத் தரும்படி 2024-இல் தில்லி உயர் நீதிமன்றம் விக்கிமீடியாவுக்கு உத்தரவிட்டதை இங்கே நினைவில் வைப்பது நல்லது. கையில் இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது.

புனைபெயருக்கு ஒரே ஒரு நிபந்தனை: அதை அணிந்துகொண்டு தகுதியைக் கோரக் கூடாது. இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு விக்கிப்பீடியாவில் உயர்ந்த பொறுப்பு வரை போன எஸ்ஜே என்ற பயனர், படிப்பை முடிக்காத இருபத்து நான்கு வயது இளைஞர் என்று 2007-இல் தெரியவந்தது. உண்மையான பேராசிரியர் வந்து எழுதினாலும் விதி இதேதான். அவர் சொல்வதற்கு அவர் பதவி சான்று ஆகாது. ஹெச்.ஓ.டி.யின் வரிக்கு மாணவி ஒருத்தி ‘சான்று தேவை’ என்று போடலாம், போட்டதற்காக அவளை யாரும் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. நம் கல்லூரிகளில் இந்த விதியைக் கடைப்பிடிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதை அனேகமாக யாரும் எழுதிவைப்பதில்லை. நான்கு ஆண்டுகளில் கல்லூரியே முழுதாக மாறிவிடுகிறது. விக்கியைத் தொடங்கிய குழு பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விடும். சர்வருக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தவரின் கார்டு காலாவதியாகும். டொமைன் பெயர் புதுப்பிக்கப்படாமல் ஏதோ ஒரு சூதாட்டத் தளத்தின் கைக்குப் போகும். கடவுச்சொல் யாரிடம் என்று கேட்டால் தெரியாது. விக்கிப்பீடியாவின் முதல் சில மாதத் தொகுப்புகளே தொலைந்துவிட்டதாகப் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2010 டிசம்பரில்தான் பழைய காப்புக் கோப்பு ஒன்றில் அவை கிடைத்தன. எனவே விக்கியின் நிர்வாகிகள் எப்போதும் வெவ்வேறு பேட்ச்களிலிருந்து மூன்று பேராவது இருக்க வேண்டும், இறுதியாண்டு மாணவர் ஜனவரிக்குள் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும், முழுத் தரவும் மாதம் ஒருமுறை யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் வைக்கப்பட வேண்டும். கணக்குகளின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மட்டும் அந்தக் கோப்பில் இருக்கக் கூடாது. ‘சேமி’ பொத்தானுக்கு மேலேயே உரிமம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். டேவிஸ் விக்கி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்ததால், பல ஆண்டுகள் கழித்து வேறு மென்பொருளுக்கு மாறியபோது, எப்போதோ படித்து முடித்து எங்கோ போய்விட்டவர்களைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்க வேண்டிய வேலை இருக்கவில்லை.